லாயத்தில் தொடங்கும் சவாரி: பிரிட்டன் போனி கிளப்பின் வரலாறும் விதிகளும்

ஒரு மட்டக்குதிரையின் உயரம் 14.2 என்று எழுதியிருந்தால் அதைத் தசமமாகப் படிக்கக் கூடாது. குதிரையைக் ‘கை’க் கணக்கில் அளப்பார்கள். ஒரு கை 4 அங்குலம். 14.2 என்பது 14 கையும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலம். சென்டிமீட்டரில் 148 என்று கொள்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் 3க்கு மேல் எண் வராது. 14.4 என்று ஒன்று கிடையாது, அது 15 கை ஆகிவிடும். அளக்கும் இடம் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேடு. தரை சமமாக இருக்க வேண்டும், முன்னங்கால்கள் இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், தலை இயல்பாகத் தாழ்ந்திருக்க வேண்டும். குதிரை மிரண்டு உடம்பை இறுக்கினாலோ தலையைத் தூக்கினாலோ அளவு மாறிவிடும். அதனால் அவசரமாக ஒரு தடவை அளந்த உயரத்தை நம்பக் கூடாது.

பொதுவாக இந்த 148 சென்டிமீட்டர்தான் மட்டக்குதிரைக்கும் குதிரைக்கும் நடுவே உள்ள எல்லை. எல்லைக்கு உட்பட்ட அந்தச் சிறிய விலங்கின் பெயரில் 1929 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ‘போனி கிளப்’ தொடங்கியது. சிறுவர் சிறுமியருக்குக் குதிரையேற்றமும் குதிரை வளர்ப்பும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் அமைப்பு அது. அதன் வரலாற்றை ஆண்டு வரிசையில் மட்டும் படித்தால் கைக்கு ஒன்றும் வராது. விதிப்புத்தகத்தோடு சேர்த்துப் படித்தால் வரும். விதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் கீழே விழுந்த ஒரு குழந்தையோ, வலியோடு நின்ற ஒரு குதிரையோ இருக்கிறது.

அது ஏன் 1929இல் தொடங்கியது என்பதிலிருந்து வருவோம். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் பிரிட்டிஷ் ராணுவம் பண்ணைகளிலும் வண்டிப்பேட்டைகளிலும் இருந்த குதிரைகளை எடுத்துக்கொண்டது. முதல் இரண்டு வாரத்திலேயே எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒரு வீட்டுக் குழந்தைகள் தங்கள் மட்டக்குதிரையை மட்டும் விட்டுவிடும்படி போர் அமைச்சர் கிட்சனருக்குக் கடிதம் எழுதினார்கள். 15 கைக்குக் குறைந்தவற்றை எடுக்க மாட்டோம் என்று அவர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. போர் முடிந்தபோது சாலைகளில் மோட்டார் வண்டி பெருகியிருந்தது. 1928இல் ராணுவமே தன் குதிரைப்படைப் பிரிவுகள் இரண்டைக் கவச வண்டிக்கு மாற்றியது. தாத்தா காலத்தில் வீட்டில் தானாக வந்த குதிரை அறிவு, அடுத்த தலைமுறைக்கு யாராவது உட்கார வைத்துச் சொன்னால்தான் வரும் என்ற நிலை வந்துவிட்டது. குதிரையேற்றத் தரத்தை உயர்த்தவென்று 1925இல் ஓர் அமைப்பு தோன்றியிருந்தது. அதன் சிறுவர் கிளையாகத்தான் போனி கிளப் பிறந்தது.

முதலில் வந்து கற்றுக்கொடுத்தவர்களில் முன்னாள் குதிரைப்படைக்காரர்கள் பலர். இன்றைக்கும் கிளைப் பயிற்சியில் பிள்ளைகள் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகப் போவதும், வரிசையின் தலையாளுக்கு மட்டும் கட்டளை கொடுப்பதும் அங்கிருந்து வந்த பழக்கம். கிளைகளின் எல்லையை நரிவேட்டைக் குழுக்களின் எல்லையை வைத்தே பிரித்தார்கள், பல கிளைகளுக்கு அந்தக் குழுக்களின் பெயரே வைக்கப்பட்டது. அதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. எந்த விவசாயியின் நிலத்தில் குதிரை இறங்கலாம், எந்த வேலிக் கதவைத் திறந்தால் மறுபடி மூட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குழுக்களுக்குத்தான் தெரியும். அதே காரணத்தால் கிளப் வெகுகாலம் நிலமும் வசதியும் உள்ள குடும்பங்களின் வட்டமாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2005 பிப்ரவரியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரி வேட்டையாடுவது சட்டப்படி நின்றுபோனது. கிளைகளின் பழைய பெயர்கள் மட்டும் பல இடங்களில் இருக்கின்றன.

கிளைத் தலைவர் சம்பளமில்லாத தொண்டர். மைதானம் பிடிப்பது, ஆசிரியரை அழைப்பது, பெற்றோருக்கு வேலை பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இது இந்த அமைப்பின் பெரிய பலம். பலவீனமும் இங்கேதான். நல்ல தலைவர் விலகினால் ஒரே வருடத்தில் கிளை மெலிந்துபோகும். எந்த ஊரில் இப்படி ஒன்றைத் தொடங்கினாலும் முதல் நாளிலிருந்தே இரண்டாவது ஆள் ஒருவரைத் தயார் செய்ய வேண்டும்.

போனி கிளப் உலகுக்குக் கொடுத்ததில் மிகச் சிறந்தது அதன் தேர்வு முறை என்பது எங்கள் உறுதியான எண்ணம். மிகச் சிறியவர்களுக்கு E. அடுத்து D, C, B என்று ஏறி, உச்சியில் A. நடுவில் இடைவெளி அதிகமாக இருந்ததால் D+, C+ போன்ற படிகள் பிறகு சேர்ந்தன. தேறியவர்கள் கிளப் சின்னத்தின் (பேட்ஜ்) பின்னால் வண்ணக் கம்பளித்துணி வட்டம் ஒன்றை வைத்துக் குத்திக்கொள்வார்கள்: Dக்கு மஞ்சள், Cக்குப் பச்சை, Bக்குச் சிவப்பு, Aக்கு நீலம். D நிலையில் பிள்ளை பிறர் கயிற்றைப் பிடிக்காமல் தானே நடத்தவும் ட்ராட் (துள்ளுநடை) போகவும் வேண்டும். அதே தேர்வில் குதிரையின் உடலுறுப்புகளைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்ல வேண்டும், எந்தப் பக்கமிருந்து எப்படி அணுகுவது என்று செய்து காட்ட வேண்டும். C நிலையில் கேண்டரும் (மென்பாய்ச்சல்) சிறு தாண்டல்களும் வரும். கூடவே தேய்த்துச் சுத்தம் செய்வது, தீனி, லாடம். B என்றால் தனக்குப் பழக்கமில்லாத குதிரையையும் திறந்த வெளியில் கொண்டுபோகத் தெரிய வேண்டும். லாயத்தில் கட்டி வேலை வாங்கும் குதிரையின் முழுப் பராமரிப்பும் அதில் உண்டு. A எடுத்தவர் ஒரு குதிரையின் மேல் ஏறிப் பார்த்து, அதற்கு எங்கே பயிற்சி குறைகிறது என்று சொல்லி, அங்கேயே அதைத் திருத்தத் தொடங்கக் கூடியவர்.

இதில் கவனிக்க வேண்டியது: எந்த நிலையிலும் சவாரி மட்டும் செய்து தேற முடியாது. காசு கொடுத்து நல்ல குதிரை வாங்கினால் தாண்டல் போட்டியில் ஜெயித்துவிடலாம். குளம்பைத் தூக்கச் சொன்னால், கொக்கியைக் குதிங்கால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி இழுக்க வேண்டும், நடுவிலுள்ள முக்கோண மெத்தையில் குத்தக் கூடாது என்பதைக் கையால் செய்தவர்தான் காட்ட முடியும். திசையை மாற்றி இழுக்கும் பிள்ளை கல்லை மெத்தையின் இடுக்கில் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுகிறது. மறுநாள் குதிரை நொண்டும். தேர்வாளர் வாய்க்கேள்வி கேட்பதைவிட இப்படி ஒரு வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது நல்லது. சொல்லத் தெரிந்து செய்யத் தெரியாத பிள்ளைகள் நிறையப் பேர்.

கிளையின் பயிற்சி நாள் தொடங்குவதும் தரையில்தான். பிள்ளைகள் ஏறுவதற்கு முன் சேணச் சோதனை. பார்ப்பவர் தையல்களிலிருந்து தொடங்குவார்: வயிற்றுவார் கொக்கிகள் மாட்டும் பட்டைகள், சவாரி செய்பவர் பாதம் வைக்கும் அங்கவடியின் வார்கள். தோலை மடித்துப் பார்த்து, மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கு அந்தச் சேணம் இல்லை. அங்கவடி வார் தொங்கும் இரும்புக் கொக்கியின் முனையில் ஒரு சிறு மடக்கு இருக்கும். அது திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால், பிள்ளை விழுந்து கால் மாட்டிக்கொள்ளும்போது வார் கழன்று வராது, குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். ரப்பர் வளையம் போட்ட பாதுகாப்பு அங்கவடி என்றால் ரப்பர் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். வலம் இடம் மாற்றி மாட்டிக்கொண்டு வருவது சர்வ சாதாரணமாக நடக்கும் தவறு.

அங்கவடியின் அகலத்துக்கு விதி துல்லியமாக இருக்கிறது: காலணியின் இரு பக்கமும் 7 மில்லிமீட்டர் இடைவெளி. அளக்கும் முறையும் சொல்லப்பட்டிருக்கிறது. பாதத்தின் அகலமான பகுதியை அங்கவடியில் வைத்து, ஒரு பக்கமாக ஒட்டித் தள்ளி, மறுபக்கம் மிஞ்சும் இடம் 14 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் பாதம் சிக்கும். மிகப் பெரிதாக இருந்தால் பாதம் முழுவதும் உள்ளே போய்க் கணுக்காலில் மாட்டும், அது இன்னும் ஆபத்து. அதனால்தான் சிறு குதிகால் உள்ள காலணி கட்டாயம். ஓட்டப்பந்தயக் காலணியில் குதிகால் இல்லை, அடிப்புறத்து ஆழமான வரிகளும் இரும்பைப் பற்றிக்கொள்ளும். வளரும் பிள்ளைக்குச் சென்ற வருடம் சரியாக இருந்த அங்கவடி இந்த வருடம் சரியாக இருக்காது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிதாக அளக்க வேண்டும்.

வாயிரும்பு வாயின் இரு ஓரமும் சுமார் 5 மில்லிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். தொண்டைவாருக்குள் நான்கு விரலை அடுக்கி நுழைக்க முடிய வேண்டும், மூக்குவாருக்குள் இரண்டு விரல். வயிற்றுவாரை மட்டும் ஒரே தடவையில் நம்பக் கூடாது. மட்டக்குதிரைகள் சேணம் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். கட்டி, பத்தடி நடத்தி, மறுபடி இறுக்கி, ஏறிய பின் ஐந்து பத்து நிமிடம் கழித்து மூன்றாம் முறையும் பார்க்க வேண்டும். சவாரியின் நடுவே சேணம் சரிந்து குதிரையின் வயிற்றுக்கடியில் போவதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவது சோதனையை மறந்ததுதான் காரணம்.

தலைக்கவசத்தின் கதை தனி. பழைய புகைப்படங்களைப் பார்த்தால் வெல்வெட் தொப்பி, தாடைக்குக் கீழே மெல்லிய எலாஸ்டிக். விழுந்த வேகத்தில் தலை தரையைத் தொடுவதற்கு முன்பே தொப்பி பறந்துவிடும். தாடைவாரோடு கூடிய, தரமுத்திரை பெற்ற கவசம் படிப்படியாகக் கட்டாயமானது. ஒரு காலத்தில் ஏற்றுக்கொண்ட தரங்கள்கூடப் பின்னால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கடையில் கிடைக்கிறது, முத்திரையும் இருக்கிறது என்பதற்காகப் பழைய கவசத்தை வாங்கிவிடாமல் அந்த வருடத்துப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். கிளையில் ஒருவர் முத்திரையைப் பார்த்துச் சரி என்றால் கவசத்தில் வண்ண வில்லை ஒன்றைக் கட்டுவார். அந்த வில்லை தரத்துக்கு மட்டும்தான் சாட்சி. தலைக்குப் பொருந்துகிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்: வாரைப் பூட்டாமல் தலையை அசைத்தால் நெற்றித்தோலும் கவசத்தோடு சேர்ந்து அசைய வேண்டும். திறந்த வெளித் தாண்டல்களுக்கு முன்விளிம்பு நிலையாகப் பதித்த கவசம் கூடாது. முகம் குப்புற விழும்போது அந்த விளிம்பு தரையில் ஊன்றி கழுத்தைப் பின்னால் மடக்கும். பலத்த அடி வாங்கிய கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். உள்ளேயுள்ள நுரை ஒரு தடவைதான் நசுங்கும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேலைகள் பெரிதும் முடங்கின. 1947இல் தாய் அமைப்பு தேசியக் குதிரைச் சங்கத்தோடு இணைந்து பிரிட்டிஷ் குதிரைச் சங்கமாக மாறியது. போனி கிளப் அதன் கீழ் வந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் பின், 1949இல் பாட்மின்டன் மாளிகை மைதானத்தில் பெரியவர்களுக்கான மூன்று நாள் குதிரைப் போட்டி முதன்முதலாக நடந்தது. கிளைகளுக்கு இடையேயான போனி கிளப் போட்டி தொடங்கியதும் அதே 1949தான். இந்த வரிசையில் ஏறி வந்தவர்களில் இளவரசி ஆனும் ஒருவர். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் பிரிட்டனுக்காகச் சவாரி செய்தார். கடல் கடந்தும் இந்த யோசனை போனது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் இங்கிள்பர்னில் 1939இல், அமெரிக்காவில் 1954இல். அமெரிக்கர்கள் எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு D1, D2, D3 என்று மேலும் நறுக்கிக்கொண்டார்கள். சிறு பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் படிகள் நல்லது, வருடத்துக்கு ஒன்றாவது ஏற முடியும்.

பணக்காரக் குதிரை இல்லாத பிள்ளைக்கும் போட்டி

1950களில் ஒரு குறை வெளிப்படையாகத் தெரிந்தது. அலங்காரப் போட்டியிலும் தாண்டல் போட்டியிலும் விலையுயர்ந்த குதிரை வைத்திருந்த பிள்ளைகளே முன்னால் நின்றார்கள். சாதாரண மட்டக்குதிரை வைத்திருக்கும் பிள்ளைகள் கலந்துகொள்ள ஒரு போட்டி வேண்டும் என்று இளவரசர் பிலிப் கேட்டார். குதிரைக் காட்சிகளை நடத்திவந்த கர்னல் மைக் ஆன்செல் அதற்கு வடிவம் கொடுத்தார். 1957இல் லண்டன் ஹாரிங்கேயில் நடந்த ஆண்டுக் குதிரைக் காட்சியில் முதல் இறுதிப்போட்டி நடந்தது. அன்றிலிருந்து இளவரசர் பிலிப் கோப்பை என்றாலே கிளைகள் வருடம் முழுக்கத் தயாராகும்.

விளையாட்டுகள் பார்க்க எளிமையாக இருக்கும்: கம்புகளுக்கு நடுவே வளைந்து ஓடுவது, கொடியை எடுத்துக் கூம்பில் குத்துவது, பாதி வழியில் இறங்கிச் சாக்குக்குள் குதித்துக் குதிரையையும் கூட்டிக்கொண்டு ஓடுவது. இந்த வகை விளையாட்டுகளை ஆங்கிலேயர்கள் ஜிம்கானா என்று அழைத்தார்கள். சென்னையில் நமக்குத் தெரிந்த அதே சொல். பிரிட்டிஷ் இந்தியாவின் ராணுவ முகாம்களில் புழங்கி அங்கே போனது. போலோ விளையாட்டும் மணிப்பூரிலிருந்து தேயிலைத் தோட்டக்காரர்கள் வழியாகப் போனதுதான். 1959இல் போனி கிளப்பில் போலோவும் சேர்ந்தது.

ஓர் அணிக்கு ஐந்து பேர், ஒரு ஓட்டத்தில் நால்வர் ஓடுவார்கள். மட்டக்குதிரை 148 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, நான்கு வயதுக்குக் குறையக் கூடாது. சவாரி உடையோடு 53 கிலோவுக்கு மேல் இருக்கும் பிள்ளை 12.2 கை அல்லது அதற்குக் குறைந்த குதிரையில் ஏறக் கூடாது. இந்த 53 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12.2 கை மட்டக்குதிரை சுமார் 260 கிலோ இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு 52. சுமை அதற்கு மேல் போனால் முதுகுத் தசை இறுகும், குதிரை நடையைச் சுருக்கும். போட்டி இல்லாத நாளிலும் இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். சேணத்தின் எடையும் சுமைதான் என்பது பலருக்கு மறந்துவிடும். சாட்டையும் குதிமுள்ளும் இந்த விளையாட்டுகளில் கூடாது. பரபரப்பில் இருக்கும் பிள்ளையின் கையில் சாட்டை இருந்தால் அது எங்கே விழும் என்பது தெரிந்ததே.

கம்பு வளைவு ஓட்டத்துக்கு ஐந்து கம்புகள், ஒன்றுக்கொன்று 24 முதல் 30 அடி. போகும்போதும் வரும்போதும் வளைந்து வந்து, கோட்டைக் கடந்த பிறகு கைக்கோலை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு விஷயம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும்: தவறு செய்த பிள்ளை திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளலாம். விழுந்ததை எடுத்து நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனால் கடைசி வரை எந்த அணிக்கும் நம்பிக்கை போகாது, நிதானமான பிள்ளை வேகமான பிள்ளையை முந்துவதும் அடிக்கடி நடக்கும்.

தோற்பது பெரும்பாலும் கைமாற்றும் இடத்தில். வருகிற குதிரை பாய்ச்சலில் வரும், காத்திருக்கும் குதிரை அதைப் பார்த்துப் பக்கவாட்டில் ஒதுங்கும், கோல் கீழே விழும். பழக்கும் முறை இது. முதல் வாரம் இரண்டு குதிரையும் நின்றுகொண்டு கோலை மாற்றிக்கொள்ளட்டும். அடுத்து ஒன்று நிற்க, ஒன்று நடந்து வரட்டும். பிறகு இரண்டும் நடக்க, அதன் பின் ட்ராட். வலக்கையிலிருந்து வலக்கைக்கு; வாங்குபவர் கையை நீட்டி அசையாமல் வைத்திருக்க வேண்டும், கொடுப்பவர்தான் குறிபார்க்க வேண்டும். இருவரும் குறிபார்த்தால் கைகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும். இன்னொரு தவறு, கோலை நீட்டக் குனியும் பிள்ளை மறுகையால் கடிவாள வாரை இறுகப் பிடித்துத் தொங்குவது. அப்படி நாலு நாள் வாய் வலி பட்ட மட்டக்குதிரை ஐந்தாம் நாள் கோட்டருகே வரவே மறுக்கும். பிடரி மயிரைப் பிடிக்கப் பழக்குங்கள்.

வேக ஓட்டத்தை வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. தினமும் பாயவிட்டால் குதிரை கம்பைப் பார்த்தாலே கொதிக்கத் தொடங்கும், நிற்கச் சொன்னால் நிற்காது.

1969இல் டெட்ராத்லான் வந்தது. துப்பாக்கி சுடுதல், நீச்சல், ஓட்டம், சவாரி ஆகிய நான்கு. முன்னாள் குதிரைப்படைக்காரர்கள் கற்றுக்கொடுத்த இயக்கமாகத் தொடங்கினாலும், பிள்ளைகளில் பெண்கள் பெரும்பான்மையாகிக்கொண்டிருந்த காலம் அது. பையன்களைத் தக்கவைக்கும் நோக்கமும் இதில் இருந்தது, பிறகு எல்லோருக்கும் பொதுவானது. நீச்சலில் தூரத்தைக் கொடுத்து நேரத்தை அளப்பதற்குப் பதிலாக நேரத்தைக் கொடுத்துத் தூரத்தை அளக்கிறார்கள். சவாரிப் பாதையில் தாண்டல்களோடு இரண்டு சிறு வேலைகளும் உண்டு. ஒன்று, குதிரையிலிருந்தபடியே வேலிக் கதவைத் திறந்து, நுழைந்து, மூடுவது. மற்றது, இறங்கி, வேலியின் சறுக்குக் கழியைக் கீழே போட்டு, குதிரையை நடத்திக் கடந்து, கழியைத் திரும்ப ஏற்றி, மறுபடி ஏறுவது. இரண்டுக்கும் நேரக்கட்டு உண்டு. அங்கே கழியைப் போடும் சத்தத்துக்கே மிரளும் குதிரையை வைத்துக்கொண்டு தாண்டல் பயிற்சி மட்டும் செய்து வந்தவர்கள் புள்ளிகளைக் கொட்டிவிடுகிறார்கள். தினமும் லாயக் கதவைக் குதிரைமேல் இருந்தே திறந்து மூடினால் போதும், தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

1997இல் போனி கிளப் பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்திடமிருந்து பிரிந்து தனி அறக்கட்டளை ஆனது. இப்போது 25 வயது வரை உறுப்பினராக இருக்கலாம். சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகள் சவாரிப் பள்ளிகள் வழியாகச் சேர வழி செய்யப்பட்டது. தொடக்கத்திலிருந்த வட்டத்தை உடைத்ததில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிக் குதிரையில் கற்கும் பிள்ளைக்கு வேறொரு அனுகூலமும் இருக்கிறது: பல குதிரைகளில் ஏறும், ஒன்றின் குணத்துக்கு மட்டும் பழகிவிடாது.

முகாம் வாரம்

கோடை விடுமுறையில் பல கிளைகளில் முகாம் நடக்கும். சில இடங்களில் பிள்ளைகளும் குதிரைகளும் அங்கேயே தங்குவார்கள். ஒரு வருடத்தில் கற்றதெல்லாம் அந்த சில நாட்களில் தெரிந்துவிடும். தவறுகளும் அப்போதுதான் நடக்கும்.

பல வீட்டுக் குதிரைகள் ஓரிடத்தில் சேர்வதால் முதல் கவலை தொற்று. குதிரைக்காய்ச்சல் தடுப்பூசிப் பதிவு சரியாக இல்லாத குதிரையை வாசலிலேயே திருப்பிவிட வேண்டும், சங்கடப்படக் கூடாது. தண்ணீர் வாளியைப் பகிரக் கூடாது. ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொண்டைக்கட்டி நோய் ஒரே வாளி வழியாக ஒரு லாயம் முழுக்கப் பரவும். தேய்க்கும் தூரிகையும் சேணத்துணியும் அப்படியே, படர்தாமரை அவற்றில்தான் பயணம் செய்கிறது.

கட்டும்போது கயிற்றை நேராக இரும்பு வளையத்தில் கட்டக் கூடாது. வளையத்தில் ஒரு துண்டுச் சணல் முடிந்து, கயிற்றை அந்தச் சணலில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். குதிரை மிரண்டு பின்னுக்கு இழுத்தால் அறுந்துபோக வேண்டியது சணல்தான். கழுத்தெலும்போ தலைக்கயிறோ ஆகிவிடக் கூடாது. நைலான் இழை அறுக்க முடியாத அளவு பலமாக இருக்கும், அதை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். புல்வலையை உயரத்தில் கட்ட வேண்டும். நிறைந்திருக்கும்போது உயரமாகத் தெரியும் வலை, காலியாகும்போது தொங்கி இறங்கும். அதில் குளம்பு மாட்டும்.

தீனி விஷயத்தில் பிள்ளைகளின் அன்புதான் பெரிய ஆபத்து. குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை என்பது அதனால் வந்த விதி. ஒரு நாளைக்கு மொத்தத் தீனி உடல் எடையில் சுமார் 2 முதல் 2.5 சதவீதம், அதில் பெரும்பகுதி புல்லும் உலர்புல்லுமாக இருக்க வேண்டும். எடை மேடை இல்லாவிட்டால் நாடா போதும்: முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 125 என்றால் ஏறத்தாழ 237 கிலோ. அதில் 2 சதவீதம் சுமார் 4.7 கிலோ. உலர்புல்லை ஒரு சுருள்தராசில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். கைப்பிடிக் கணக்கில் கொடுத்தால் ஒவ்வொரு பிள்ளையின் கையும் ஒவ்வொரு அளவு.

ஷெட்லாண்ட், வெல்ஷ், எக்ஸ்மூர் போன்ற பிரிட்டிஷ் மலைநாட்டு மட்டக்குதிரைகள் வறண்ட புல்லில் பிழைத்து வந்த இனங்கள். வசந்தகாலத்து இளம்புல்லில் சர்க்கரை மிகுதி. அதில் நாள் முழுக்க மேய்ந்தால் குளம்பின் உள்ளே இருக்கும் மென்தகடுகள் அழற்சி கண்டு, எலும்பைப் பிடித்திருக்கும் பிடி தளரும். லாமினைட்டிஸ் என்பது இதுதான். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டிப் பாரத்தைப் பின்னால் வைத்து நிற்கும், குளம்பு சுடும், கணுக்காலின் பின்புறம் நாடி துடிப்பது விரலுக்குத் தெரியும், வளைவில் திரும்பத் தயங்கும். சோம்பல் என்று நினைத்து நடக்க விரட்டினால் நிலைமை மோசமாகும். மேய்ச்சலை நிறுத்தி, மென்மையான படுக்கை போட்டு நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும்.

மஞ்சள் பூப் பூக்கும் ராக்வொர்ட் செடியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் அடையாளம் காட்டுவார்கள். பச்சையாக இருக்கும்போது கசப்பால் குதிரை ஒதுக்கிவிடும். அறுத்துக் காய்ந்து உலர்புல்லோடு கலந்துவிட்டால் அந்தக் கசப்பு போய்விடும், நஞ்சு போகாது. கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைக் கெடுத்து, அறிகுறி தெரியும்போது காலம் கடந்திருக்கும். வேரோடு பிடுங்க வேண்டும், கையுறை வேண்டும், பிடுங்கியதை மேய்ச்சல் நிலத்திலேயே போட்டுவிட்டு வரக் கூடாது.

காலை சரிபார்ப்புக்கு ஒரு தாள் போதும். ஒவ்வொரு குதிரைக்கும் எதிரே: இரவு வைத்த தீனி மிச்சமா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, சாணம் எத்தனை இடத்தில், எப்படி இருக்கிறது, நான்கு காலிலும் சூடோ வீக்கமோ உண்டா. ஓய்வில் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி, மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 14. இந்த எண்கள் நினைவில் இருந்தால் போதாது. தன் குதிரையின் வழக்கமான எண் எது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முகாமின் முதல் நாளே, குதிரை நன்றாக இருக்கும்போதே, எண்ணி எழுதிவைக்க வேண்டும்.

மாலையில் வரிசை மாறாது. சேணத்தைக் கழற்றி முதுகைத் தடவி வியர்வையும் வீக்கமும் பார்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, உடம்பு ஆறும்வரை நடத்துவது, தண்ணீர், புல்வலை, வாயிரும்பைக் கழுவி வைப்பது. இத்தனையும் முடிந்த பின்தான் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்.